மழையில் அளந்த மாவு

யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறதே, எப்படி வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாரும் சொல்வார்கள். சொல்லும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். என் மாமியார் சோம்பை விட்டுவிட்டுத்தான் எனக்கு வடைகறி சொல்லிக்கொடுத்தார். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது. நானும் உத்தமி இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் மல்லியை வறுக்க வேண்டும் என்பதை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வேன். இதெல்லாம் சகஜம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுக்கு மட்டும் இந்த வித்தை வரவே இல்லை. கேட்டால் கடைசிச் சிட்டிகைவரை சொல்லிவிடுவார். ஏதாவது விட்டுப்போனது என்று பிறகு நினைவு வந்தால் திரும்பி வந்து சொல்வார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு பஸ் ஸ்டாப் வரை போனவர், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு உச்சி வெயிலில் திரும்பி நடந்து வந்தார். பர்ஸைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று பதறிப்போனேன்.

"மீன் கொழம்புக்கு வெந்தயம் கருகக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா, நெனப்பே இல்ல" என்றார்.

"சொன்னீங்கக்கா. ரெண்டு வாட்டி."

"அப்ப சரி" என்று ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் பஸ்ஸுக்குப் போனார்.

எனக்குக் கோபமே வரும். "ஏன்க்கா இப்பிடி எல்லாத்தயும் ஊருக்குக் கொட்டுறீங்க, கொஞ்சமாவது கையில வெச்சிக்கக் கூடாதா" என்று கேட்டிருக்கிறேன். "ஒளிச்சி வெச்சி இன்னாத்த கட்டிக்கினு போவப்போறோம். சோத்துல இன்னாமா ரகசியம்" என்பார். பிழைக்கத் தெரியாத மனுஷி என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு சரிதான் என்று பிறகு நானே நிரூபித்துக் காட்டினேன்.

அவர் இருந்தது பெங்களூர் மர்பி டவுனில். பதினாறு வருஷம் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்தியக் கிழவி வீட்டில் சமையல் வேலை. கிழவி ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போனபோது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு பீங்கான் கப்பும் ஒரு கிறிஸ்துமஸ் கேக்கும். கேக் என்றால் அதன் பக்குவம். அக்காவுக்கு எழுதப் படிக்க வராது. எல்லாம் மனப்பாடம். இத்தனை கப்பு மைதா, இத்தனை கப்பு சர்க்கரை, இத்தனை கப்பு வெண்ணெய், இத்தனை முட்டை.

அந்தப் பக்குவத்தையும் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சொல்லியும் யாருக்கும் சரியாக வரவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கப்பு. டீ கிளாஸில் அளப்பவர்கள், சில்வர் டம்ளரில் அளப்பவர்கள், மைதாவுக்கு ஒன்றும் சர்க்கரைக்கு இன்னொன்றும் எடுப்பவர்கள். முட்டையின் எண்ணிக்கை மட்டும் மாறாது. கப்பு சிறுத்தால் முட்டை கூடிப்போகும், பெருத்தால் முட்டை போதாது. கடைசியில் ஆளாளுக்கு வந்து அவருடைய கப்பையே இரவல் கேட்டார்கள். அதையும் கொடுத்தார். ஒருத்தி பிடியை உடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "பிடி போனா இன்னா, அளவு போச்சா" என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

நான் அப்போது ஜீவனஹள்ளியில் குடியிருந்தேன். காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியில் வேலை. பில் போட வேண்டும், ஸ்டோரில் சாமான் நிறுத்துக் கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி. கிறிஸ்துமஸ் சமயத்தில், வீட்டில் ஓவன் இல்லாதவர்கள் கேக் மாவைக் கலந்து தகர ட்ரேயில் ஊற்றி, பெயர்ச் சீட்டு ஒட்டி எங்களிடம் கொண்டுவருவார்கள். எங்கள் அடுப்பில் சுட்டுக் கொடுப்போம். அப்படி அக்கா கொண்டுவந்த ட்ரே வெளியே வந்தபோது முதலாளி ஒரு மூலையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். எல்லார் ட்ரேயிலும் ஒரு மூலை அவருக்குச் சொந்தம் என்பது அவர் எண்ணம். மென்றுகொண்டே நின்றவர், "இது யாருது" என்று கேட்டார்.

அடுத்த ஆகஸ்டில், பழங்களை ரம்மில் ஊறப் போடும் காலத்தில், அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். மர்பி டவுனுக்குப் போய் அழைத்து வந்தவள் நான்தான். முதலாளி நாலு தலைமுறையாகப் பெங்களூரில் இருப்பவர். எங்களிடம் தமிழ்தான் பேசுவார். பிடி கொடுக்காமல் பேச வேண்டியிருந்தால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

"எங்களுக்கு இது நூத்துக்கணக்குல போடணும்மா. கப்புல அளந்தா ஆகாது. கிலோ கணக்குல வரணும். இந்தம்மா எழுதிக்கும், நீ சொல்லிக் குடு" என்றார்.

"சொல்றங்க. அதுல இன்னா இருக்குது" என்றார் அக்கா. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வேல பர்மெண்டா கெடைக்குமா" என்று கேட்டார்.

அதைக் கேட்க வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிரந்தரமானால் ஈ.எஸ்.ஐ. கார்டு வரும். அவருக்கு ஒரே மகள், பதினாலு வயது, வலிப்பு நோய். கார்டு இருந்தால் பெரிய டாக்டரிடம் காட்டி, மாத்திரையை விடாமல் கொடுக்கலாம். காசு இருக்கும்போது மாத்திரை, இல்லாதபோது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து என்று அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நோடோணாம்மா, நோடோணா" என்றார் முதலாளி. பார்க்கலாம் என்று அர்த்தம். அக்கா அதை 'சரி' என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த நோடோணாவைப் பத்து வருஷமாகத் தெரியும். அன்றைக்கே தெருமுனையில் நிறுத்தி, இவர் கொடுக்க மாட்டார், நீங்களும் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

மத்தியானம் அடுப்பு ஆறியிருக்கும் நேரத்தில் உட்காருவோம். வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்யும். புதிதாக எலக்ட்ரானிக் தராசு வாங்கியிருந்தோம், சிவப்பு எழுத்தில் எண்கள் ஓடும். முதல் நாள் அவர் கப்பில் மைதாவை அளந்து தராசில் கொட்டினார். நூற்றிருபத்தைந்து கிராம். நான் பி.காம். ஒரு கப்பு என்றால் நூற்றிருபத்தைந்து கிராம் என்று எழுதிக்கொண்டு, சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் அதையே பெருக்கிப் போட்டுவிட்டேன். மற்றதை அளக்கவே விடவில்லை. "ஒரே கப்புதானேக்கா, திரும்பத் திரும்ப எதுக்கு" என்று மேதாவியாக வேறு சொன்னேன். என்னை அவ்வளவு நம்பினார், கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தக் கணக்கில் இருபது கேக் போட்டோம். சர்க்கரையும் பற்றவில்லை, வெண்ணெயும் பற்றவில்லை. முதலாளி ஒன்றை எடுத்து மேஜையில் தட்டினார், டொக்கென்று சத்தம் வந்தது.

"இது கேக்கா வரட்டியா. யார் குடுத்த அளவு இது" என்றார்.

நான் தராசைத் துடைக்கத் துணியை எடுத்தேன். அக்கா ஓரடி முன்னால் வந்தார். "நாந்தாங்க வெண்ணய தப்பா சொல்லிட்டேன். வயசாவுது பாருங்க, மறந்துபூட்டேன்" என்றார். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. முதலாளி வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். கார்டு கைநழுவிப் போகலாம் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி போனதும் அக்கா எதிர்க்கடைக்குப் போய்க் கொஞ்சம் பொரியும் கல்லுப்பும் வாங்கி வந்தார். கப்பில் பொரியை நிரப்பி என் கையில் கொடுத்தார். அதைக் கொட்டிவிட்டு உப்பை நிரப்பிக் கொடுத்தார். "ரெண்டும் ஒரே கப்புதான். தூக்கிப் பாரு" என்றார். வெட்கமாக இருந்தது. அவர் கிண்டல் பண்ணியிருந்தால் தேவலை.

அதன்பிறகு மூன்று வாரம் ஒழுங்காக நிறுத்தோம். சர்க்கரை ஒரு கப்பு இருநூறு கிராம். வெண்ணெய் இருநூற்றிருபதுக்கு மேல். திராட்சை, முந்திரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் மூன்று தடவை அளந்து, மூன்றையும் கூட்டி வகுத்தோம். மைதாவை மட்டும் அவர் விரல்களால் நன்றாகக் கிளறி, காற்று வாங்கவிட்டு, கப்பில் உதிர்த்து, கத்தி முதுகால் தலைதட்டுவார். அழுத்தி நிரப்பினால் கால் பங்கு கூடிப்போகும் என்பார்.

சிட்டிகைதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஜாதிக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை தராசில் வைத்தால் சைபர் என்றுதான் காட்டியது. "விடுங்கக்கா, கொஞ்சம்னு எழுதிக்கிறேன்" என்றேன். "கொஞ்சம்னா ஆளுக்கு ஒரு கொஞ்சம் இருக்கும்மா" என்று ஒரு காகிதத்தை விரித்து, சிட்டிகை சிட்டிகையாக எடுத்துப் போட ஆரம்பித்தார். ஐம்பது சிட்டிகை. நான் எண்ணினேன். பதினெட்டு கிராம் வந்தது. ஐம்பதால் வகுத்து எழுதினேன். சோடாவுக்கும் அப்படியே செய்தோம். அவருடைய இரண்டு விரலுக்கு நடுவில் நிற்பதைக்கூட விடாமல் எழுதி எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் கடைசியில் அந்த அளவில் முப்பது கேக் போட்டோம். முப்பதும் அதே கேக். பேக்கரி மாஸ்டர் தன் கையால் போட்டார், அக்கா தொடக்கூட இல்லை. முதலாளி ஒரு துண்டைத் தின்றுவிட்டு என் தாளை வாங்கிக்கொண்டு போய், லேமினேட் பண்ணி அடுப்பங்கரைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அளவு வந்திடுச்சில்ல. இனி மாஸ்டரே பாத்துக்குவார். அவளை திங்கக்கிழமையிலேர்ந்து பேடான்னு சொல்லிடு. நீயே சொல்லும்மா, பொம்பளைக்குப் பொம்பளை."

"கார்டு கேட்டிருந்தாங்க" என்றேன். அதுதான் நான் அந்த அக்காவுக்காகப் போட்ட சண்டை. மூன்று வார்த்தைகூட இல்லை.

"உன்ன சூப்பர்வைசரா போடலாம்னு இருக்கேன்" என்றார் அவர்.

ஊர் வம்புக்கெல்லாம் முதலில் திறக்கிற வாய் என்னுடையது. மூடிக்கொண்டேன். பின்கட்டில் ட்ரே கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய், திங்கட்கிழமை வர வேண்டாமாம் என்று சொன்னேன். புரியாமல் பார்த்தார். கையில் நுரை.

"அப்ப கார்டு?"

"அதெல்லாம் இல்லியாங்க்கா."

ட்ரேயைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தார். கப்பை எடுத்து முந்தானையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார். திட்டப் போகிறார், திட்டட்டும் என்று நின்றேன்.

"அந்தத் தாள்ல ஆரஞ்சுத் தோல்ல உள்பக்கத்து வெள்ளைய சொரண்டணும்னு எழுதினியா" என்றார்.

"எழுதினேன்க்கா."

"அப்ப சரி."

டிசம்பர் வந்தது. தாளில் உள்ளபடி ஒரு கிராம் பிசகாமல் போட்டோம். கேக் வறண்டுபோனது. வரட்டி இல்லை, ஆனால் வெட்டினால் உதிர்ந்தது, விழுங்கத் தண்ணீர் தேடியது. இரண்டு நாளாக வாங்கிப் போனவர்கள் திருப்பிக்கொண்டு வந்தார்கள். நானே நான்கு தடவை தராசைச் சரிபார்த்தேன். தப்பில்லை.

"அவ என்னமோ ஒளிச்சிட்டா. சமையக்காரி புத்தி" என்றார் முதலாளி.

"இருக்கும்ங்க" என்றேன். சும்மா ஒத்து ஊதவில்லை. அப்படி இருக்க வேண்டும் என்று ஆசையாகவே இருந்தது. அவர் ஒன்றை ஒளித்திருந்தால் அவரும் எங்களைப் போலத்தான். நான் செய்ததும் அவ்வளவு பெரிய பாவம் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் நிம்மதியாக டீ குடித்தேன்.

மறுநாள் மத்தியானம், ட்ரேக்களோடு ஜனங்கள் வரிசையில் நிற்கும்போது அக்கா வந்தார். மெலிந்திருந்தார். மர்பி டவுனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார், காலெல்லாம் புழுதி. கவுண்டருக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று கூட்டம் குறையக் காத்திருந்தார்.

"பக்கத்தூட்டுல உங்க கேக்கு வாங்கியாந்தாங்க. ஒரு துண்டு குடுத்தாங்க. வாயில வெச்சதும் தெரிஞ்சிபோச்சி" என்றார். "நாம மழையில அளந்தோம்மா. மழக்காலத்துல மைதா தண்ணி குடிச்சிருக்கும். இப்ப காஞ்சி கெடக்குது. தராசுக்கு மாவும் ஒண்ணுதான் தண்ணியும் ஒண்ணுதான், அதே எடைதான் காட்டும். ஆனா உள்ள மாவு ஜாஸ்தி போவுது. கப்புல அளக்கச்சே கைக்குத் தெரியும், நான் பாட்டுக்குக் கொறச்சிக்குவேன். உங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல பாரு. கிலோவுக்கு ஒரு கைப்பிடி எடுத்துடு. எழுதிக்க."

"எழுதிக்கிறேன்க்கா" என்றேன். பிறகு, "பொண்ணு எப்பிடி இருக்கு" என்று கேட்டேன்.

"இருக்குது. இப்ப வாரத்துக்கு ரெண்டு வாட்டி வருது" என்றார்.

என்னிடம் அந்தக் கார்டு இருந்தது. போன மாதம்தான் என் பையனுக்கு அதில் காதுவலிக்குக் காட்டியிருந்தேன்.

அதற்குள் முதலாளி உள்ளேயிருந்து வந்துவிட்டார். அக்காவைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்னவாம் இந்தம்மாவுக்கு" என்று அவரைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

அந்த இடத்தில் ஒரே வாக்கியம் போதும். கேக் ஏன் வறண்டது என்று சொல்ல வந்திருக்கிறார் என்று நான் சொல்லியிருந்தால், அந்த மனுஷன் கொஞ்சமாவது யோசித்திருப்பார். இன்னும் எத்தனை சொல்லாமல் இருக்கிறதோ, ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று கணக்குப் போடத் தெரிந்தவர்தான் அவர். அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை. அக்கா உள்ளே வந்தால் நான் எதற்கு.

"ஒண்ணும் இல்லீங்க. சும்மா வந்தாங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. பிறகு முதலாளியிடம், "ஆமாங்க, சும்மாதான். தங்கச்சியப் பாத்து நாளாச்சேன்னு வந்தேன்" என்றார். கால் புழுதியைப் படியில் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார். எதையும் ஒளிக்கத் தெரியாதவர் என்று சொன்னேன். எனக்காக இரண்டு தடவை ஒளித்தார்.

மறுநாள் ஸ்டோரில் மைதா நிறுக்கும்போது கிலோவுக்கு ஒரு கைப்பிடி எடுத்துவிட்டுக் கொடுத்தேன். மாஸ்டர் கவனிக்கவில்லை. கேக் பழையபடி வந்தது. எப்படி என்று முதலாளி கேட்டார்.

"நானா யோசிச்சி சரிபண்ணேங்க" என்றேன்.

சுவரில் இருந்த தாளில் அதை எழுதவில்லை. எல்லாவற்றையும் சொல்லி எழுதவைத்தவரின் கதியைக் கண்ணால் பார்த்தவள் நான், எழுதுவேனா? ஒவ்வொரு டிசம்பரிலும் ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு நானே மைதா நிறுத்துக் கொடுத்தேன். பிறகு முதலாளியின் மகன் வந்து, பில்லுக்குக் கம்ப்யூட்டர் வைத்து, என்னை நிறுத்திவிடலாம் என்றான். "வேணாம்பா, கேக் சீசன்ல அவ கைராசி" என்று அப்பா தடுத்துவிட்டார். அந்தக் கைராசியில் இன்னும் ஏழு வருஷம் ஓட்டினேன். பையனைப் படிக்க வைத்தேன்.

வேலையை விட்ட பிறகு ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மர்பி டவுன் போனேன். அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். ஒசகோட்டைப் பக்கம் போய்விட்டார்கள் என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். மகளைப் பற்றிக் கேட்டேன். "அது போயி மூணு வருஷம் ஆவுது. தண்ணி புடிக்கப் போன எடத்துல வந்துடுச்சி" என்றாள். நான் எந்தப் பேக்கரி என்று தெரிந்ததும் உள்ளே போய், அந்தப் பிடி உடைந்த கப்பை எடுத்து வந்து காட்டினாள். "டிசம்பருக்கு இரவல் கேட்டேன், நீயே வெச்சிக்கன்னு குடுத்துட்டுப் போச்சி" என்றாள். அவளிடம் கேட்டேன், குளிர்காலத்தில் மைதாவை எப்படி அளக்கிறாய் என்று. "கொஞ்சம் கொறச்சிக்கணும்ல. அந்தக்கா சொல்லியிருக்குது" என்றாள். அந்தத் தெருவில் எல்லாருக்குமே அது தெரிந்திருந்தது.

எழுதிக்கொள் என்று அவர் சொன்னதை இப்போதுதான் எழுதுகிறேன். மழைக்காலத்தில் நிறுத்து எழுதிய அளவென்றால், டிசம்பரில் கிலோவுக்கு ஒரு கைப்பிடி மைதாவைக் குறைக்க வேண்டும். என் கைக்கு அது நாற்பது கிராம். அவர் கை என் கையைவிடச் சின்னது, அதற்கு எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.